பிஸ்டனில் தொங்கும் அம்பாசடர்

கணக்குப் பாடத்தோடு ஆரம்பிப்பதற்கு மன்னிக்கவும். பி.காம். படித்தவனின் புத்தி அப்படித்தான் போகும்.

நாகூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையில் பழைய 350 சி.சி. புல்லட் ஒன்று போகிறது என்று வையுங்கள். தட தட தட என்று தர்காவுக்கு வந்த புறாக்களையெல்லாம் எழுப்பிவிட்டுப் போகிறதே, அந்த ஜாதி. ஓட்டுகிற இளைஞர் ஒரு வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கிவிட்டார். என்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றுகிறது. உள்ளே பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து முந்நூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்தால் ஒரு பெரிய ஆப்பிள் கனம். அது 90 மில்லிமீட்டர் மேலே போகிறது, நிற்கிறது, 90 மில்லிமீட்டர் கீழே வருகிறது, நிற்கிறது. நொடிக்கு 183 தடவை நின்று திரும்புகிறது.

மேலே போய் நிற்கிற அந்தக் கணத்தில், 'நான் வரமாட்டேன், இப்படியே ஆகாயத்துக்குப் போகிறேன்' என்று அடம்பிடிக்கிற பிஸ்டனைக் கீழே இழுக்க எவ்வளவு பலம் வேண்டும்? கிட்டத்தட்ட 570 கிலோ. அம்பாசடர் காரின் எடையில் பாதி!

ஆப்பிள் கனத்துக்குப் பாதி அம்பாசடர். அதை இழுத்துப் பிடிப்பது ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கம்பி. ஆங்கிலத்தில் கனெக்டிங் ராடு. பாடப்புத்தகத்தில் இணைப்புத் தண்டு. நம் மெக்கானிக்குகள் வாயில் கன்ராடு. இந்த வாரம் அதன் கதை.

கன்ராடை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அம்மாவின் தையல் மிஷினை நினைத்துப் பாருங்கள். கீழே மிதிகட்டை மேலும் கீழுமாக ஆடும். பக்கத்தில் பெரிய சக்கரம் வட்டமாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி போகுமே, அதேதான். முன்னும் பின்னும் போகிற அசைவை வட்டமாக்குவது, அல்லது வட்டத்தை முன்பின்னாக்குவது, இவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

உத்தியோகம் புதுசல்ல. துருக்கியில் ஹியராபோலிஸ் என்ற பழைய ரோமானிய நகரத்தில் ஒரு கல்சவப்பெட்டி கிடைத்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. அதில் செதுக்கியிருந்த படத்தை 2007ல் ஆராய்ச்சியாளர்கள் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது: தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, அதில் மாட்டிய கம்பிகள் ரம்பத்தை முன்னும் பின்னும் இழுக்க, கல் அறுபடுகிறது. பிறகு 1206ல் அல்-ஜஸரி என்ற மகா எந்திரக்காரர் தன் புத்தகத்தில் தண்ணீர் இறைக்கும் எந்திரங்களைப் படம் போட்டு விளக்கினார். அங்கேயும் கிராங்க் உண்டு.

ஆயிரத்து ஐந்நூறு வருஷப் பழசான இந்தச் சமாசாரத்தை ஜேம்ஸ் வாட் தன் நீராவி என்ஜினில் மாட்டப் போனால், முடியாது என்றுவிட்டார்கள்! 1780ல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் நீராவி என்ஜினில் கிராங்க் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். உரிமத்துக்கு வழி தேடாமல், வாட் கோபத்தோடு 'சூரியனும் கிரகமும்' என்று பெயர் வைத்து, ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொரு பல்சக்கரம் ஓடுகிற மாற்று ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். 1781ல் அதற்கு அவரும் காப்புரிமை வாங்கினார். பிக்கார்டின் உரிமை காலாவதியாகும்வரை உலகத்தின் மிக நவீனமான என்ஜின், தையல் மிஷினில் இருக்கிற எளிய ஏற்பாட்டைத் தொடமுடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல்கள் எந்தக் காலத்திலும் பலசாலிகள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

1861ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் புறப்பட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. முதலில் திருவாரூர், அப்புறம் தஞ்சாவூர், 1862ல் திருச்சி. காவிரிக் கரையின் நெல் துறைமுகத்துக்கு வர ஒரு பாதை. நாற்றங்கால்களுக்கு நடுவே புகைவிட்டுக்கொண்டு ஓடிய அந்த வண்டிகளின் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான கம்பிகள் சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்கின. நீராவி ரயிலில் கன்ராடு வெளியே தெரியும். வயல்வெளியில் நின்று பார்த்த ஜனங்கள் என்ஜினுக்குக் கை கால் முளைத்திருப்பதாக நினைத்திருந்தால் தப்பே இல்லை.

அந்த ராடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? என்ஜின் முழுக்கக் கறுப்போ பச்சையோ அடித்திருப்பார்கள். ராடு மட்டும் பளபளவென்று பெயிண்ட் இல்லாமல் இருக்கும். அழகுக்கு மட்டுமல்ல. விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

ரயில்வே பட்டறைகளில் இதற்கு ஒரு பரிசோதனை வைத்திருந்தார்கள். ராடை எண்ணெயில் ஊறவைப்பார்கள். எடுத்துச் சுத்தமாகத் துடைப்பார்கள். மேலே சுண்ணாம்புப்பொடிக் கரைசலைப் பூசிக் காயவிடுவார்கள். எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால், அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புக் கோடாக வந்து நிற்கும். அவ்வளவுதான், ராடு கழற்றப்படும். இன்றைக்குச் சிவப்புச் சாயம் ஸ்பிரே செய்து விரிசல் பார்க்கிறார்களே, அதற்கு இதுதான் தாத்தா.

ஏன் இத்தனை பயம்? 1842ல் பாரீஸ் அருகே வெர்சாய் ரயிலில் ஒரு அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெந்து செத்தார்கள். உலகத்தைச் சுற்றிவந்த டூமான் துர்வில் என்ற கடலோடி, குடும்பத்தோடு அதில் போனார். அச்சுக்குக் கொடுக்கப்பட்ட சுமை ஒன்றும் அதிகமில்லை. தினமும் தாங்கிய சுமைதான். அப்புறம் ஏன் முறிந்தது?

ஜெர்மனி ரயில்வேயில் வேலை பார்த்த ஆகுஸ்ட் வோலர் என்ற எஞ்சினீயர் 1850களிலும் 60களிலும் உட்கார்ந்து இதைச் சோதித்தார். அச்சுகளை லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துப் பார்த்தார். அவர் கண்டது: ஒரு தடவையில் உடைக்க வேண்டிய பலத்தில் ஒரு பகுதியே போதும், திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகம் முறியும். நம்மைப்போலவே உலோகமும் களைத்துப்போகும். ஆனால் எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமையை வைத்தால் எத்தனை கோடி தடவை ஆட்டினாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. சின்னச் சுமையானாலும் கணக்கு எழுதிக்கொண்டே வரும். ஒருநாள் பாக்கியைக் கேட்கும்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

நாகப்பட்டினம் ரயில்வே பட்டறை, பின்னால் சவுத் இந்தியன் ரயில்வேயின் கையில், பல தலைமுறை ஃபிட்டர்களை உருவாக்கியது. 1920களின் கடைசியில் அதைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்றினார்கள். கூடவே ஆட்குறைப்பு. 1928ல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்து, சிங்காரவேலர் உட்படத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அது தனியாக ஒரு வாரம் எழுதவேண்டிய கதை. பொன்மலை இன்னும் கைவிடவில்லை. ஊட்டி மலை ரயிலுக்கு 2011லிருந்து புத்தம்புது நீராவி என்ஜின்கள் அங்கேதான் தயாராயின. ராடு உட்பட!

ரயிலைச் சொன்னால் கப்பலைச் சொல்லாமல் விட்டால் நாகூர்க்காரர்கள் கோபிப்பார்கள். ரஜூலா. சபுராளிகளின் குடும்பங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் ஒரு பெருமூச்சு வரும். நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்து கொண்டிருந்த நீராவிக் கப்பல். 1926ல் வந்தது. ஓய்வு பெற்றது 1973ல். நாற்பத்தேழு வருஷம்! எப்படித் தாங்கியது? அந்தக் காலத்துக் கப்பல் நீராவி என்ஜின்கள் நிமிடத்துக்கு நூறு சுற்றை ஒட்டித்தான் சுற்றின. ராடு ஆளைவிடப் பெரிசு, வேகமோ அம்மிக்கல் ஆட்டுகிற வேகம். அவசரமே இல்லாத வாழ்க்கை.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? ரஜூலா ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1938 ஜூலை 3ம் தேதி, இங்கிலாந்தில் மல்லார்ட் என்ற ரயில் என்ஜின் மணிக்கு 202 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. நீராவி ரயிலில் இன்றுவரை அதுதான் சாதனை. புறப்படும்போதே எஞ்சினீயர்களுக்கு நடு சிலிண்டரின் ராடு மேல் சந்தேகம். உள்ளே மறைந்திருப்பதால் டிரைவரால் பார்க்க முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? ராடின் பெரிய முனை பேரிங்குக்குள் சோம்பு எண்ணெய்க் குப்பி வைத்தார்கள். சூடு ஏறினால் குப்பி உடைந்து வாசனை வரும், டிரைவருக்குத் தெரிந்துவிடும்! சாதனையும் ஆனது, பேரிங்கும் சூடேறிக் கெட்டது. உலக சாம்பியன் பீட்டர்பரோவரைக்கும் மெதுவாக ஊர்ந்து போய் நின்றுவிட்டது.

இப்போது புல்லட்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். ராயல் என்ஃபீல்டு கம்பெனி. இரண்டாம் உலகப்போர் முடிந்து புது 350 புல்லட்டை வடிவமைக்கிறார்கள். கன்ராடை எதில் செய்வது? பலரும் எஃகில் செய்கிறார்கள். இவர்கள் எடுத்தது அலுமினிய உலோகக்கலவை. சாதாரண அலுமினியம் அல்ல. ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி விமான என்ஜினுக்காக உருவாக்கிய ஆர்.ஆர். வரிசைக் கலவை. அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளைதான் பின்னாளில் கான்கார்டு விமானத்தின் உடம்பாகியது. நம் ஊர்ப் பால்காரர் ஓட்டிய வண்டிக்கும் கான்கார்டுக்கும் உறவு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஏன் அலுமினியம்? கனம் குறைவு. ராடு லேசானால் அதுவே அதை இழுக்கிற பலமும் குறையும், அதிர்வும் குறையும். அடுத்து, ராடின் கீழ்முனையில் கிராங்க்கைப் பிடித்துச் சுற்ற ஒரு பேரிங் வேண்டுமே? அங்கே ரோலர் வைக்கவில்லை. மிதக்கும் புஷ் ஒன்றை வைத்தார்கள். உள்ளேயும் வெளியேயும் வெள்ளை ஈயப் பூச்சுள்ள வளையம். அது கிராங்க்கோடும் ஒட்டாமல் ராடோடும் ஒட்டாமல், இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்தில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தமில்லை. விலை குறைவு. எண்ணெய் இருக்கும்வரை ராஜா. எண்ணெய் நின்றால் அரை நிமிஷத்தில் ஆண்டி.

1950களின் ஆரம்பத்தில் இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை. தாய்க்கம்பெனி 1970ல் மூடப்பட்டுவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் அதே அலுமினிய ராடு, அதே மிதக்கும் புஷ் என்று பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்டே இருந்தது. 1990களில் ஐஷர் கைக்கு மாறிய பிறகுதான் மெல்ல மெல்ல மாற்றம். 2008, 2009ல் வந்த புது யூ.சி.இ. என்ஜினில் கீழ்முனைக்கு ரோலர் பேரிங் வந்தது. பழைய இரும்பு சிலிண்டர் என்ஜின் அதற்குப் பிறகு விடைபெற்றது.

உங்களுக்கு இப்போது ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். அலுமினியம் கணக்கு எழுதிக்கொண்டே வரும், ஒருநாள் பாக்கியைக் கேட்கும் என்றேனே? அப்படியானால் முப்பது, நாற்பது வருஷம் ஓடிய புல்லட்டுகள் எப்படி?

இங்கேதான் கதையின் நெஞ்சு இருக்கிறது. ராடை இழுக்கிற பலம் வேகத்தோடு நேராக ஏறாது. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்பதில்லை. முதலில் போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நம் ஊர் புல்லட்காரர் மணிக்கு அறுபதில் சாவகாசமாகப் போகிறபோது என்ஜின் 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் இழுக்கிற பலம் 5,500ல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் ராடு சுமார் 30 கோடிச் சுற்று பார்த்துவிடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது எழுதிக்கொள்கிற கடன் சில்லறைக்காசு. ரெட்டிச் எஞ்சினீயர்கள் அலுமினியத்தை நம்பவில்லை, வாங்குகிறவர்களின் நிதானத்தை நம்பினார்கள்.

இப்போது அதே வண்டியை ஒரு இளைஞர் வாங்குகிறார். பெரிய கார்புரேட்டர், கேம், கம்ப்ரஷன் ஏற்றிய பிஸ்டன். என்ஜினை 7,700 சுற்றுக்கு விரட்டுகிறார். பழைய 5,500ஐவிட நாற்பது சதவீதம்தான் அதிகம். ராடில் தொங்கும் பலம்? இரண்டு மடங்கு. இப்போது முழு அம்பாசடர் தொங்குகிறது.

எந்தக் கணத்தில் அறுக்கும் தெரியுமா? வெடிக்கும்போது என்றுதான் எல்லாரும் நினைப்போம். இல்லை. வெடிப்பு ராடை அமுக்குகிறது. அமுக்கலை ராடு நன்றாகவே தாங்கும். புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சிக்குப் போகிறதே, அப்போது மேலே எதிர்த்து நிற்க அழுத்தம் எதுவுமில்லை. முழு இழுப்பும் ராடின் மேல். எண்ணிப் பார்த்தால் நொடிக்கு 64 தடவை இந்த வெற்று இழுப்பு. ராடு அறுந்தால் கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பின்சக்கரம் அப்படியே இறுகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறில் போகும்போது பின்சக்கரம் இறுகினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அதனால்தான் வேகத்துக்கு என்ஜின் கட்டுகிறவர்கள் குதிரைசக்தியைக் கூட்டுவதற்கு முன்னால் ராடை மாற்றுகிறார்கள். அமெரிக்காவில் ஃபிரெட் கரில்லோ என்று ஒருவர். உலகப்போரில் விமானி. 1950களில் பான்னவில் உப்புத்திடலில் வேக சாதனைக்குப் போய் விபத்தில் ஒரு காலை இழந்தார். 1963ல் அவர் ஆரம்பித்த கம்பெனியின் எஃகு ராடுகள், உலகம் முழுக்க ரேஸ் என்ஜின்களுக்குள் போயின. குறுக்கே வெட்டினால் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். பழைய ரக ராடுகள் 'ஐ' எழுத்து மாதிரி. எது உசத்தி என்று பட்டறைகளில் சண்டையே நடக்கும். என் அபிப்பிராயம்: எழுத்தைப் பார்க்காதீர்கள், உலோகத்தைப் பாருங்கள்.

உலோகம் என்றால்? எஃகிலேயே ஜாதிகள் உண்டு. நம் லேத் பட்டறைக்காரர்களுக்கு இ.என். 8ம் தெரியும், இ.என். 24ம் தெரியும். முன்னது சாதாரணம். பின்னது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்தது, ரேஸ் ராடுக்கு உலகமே பயன்படுத்துகிற ரகத்தின் சொந்தக்காரன். அடுத்து, சம்மட்டி அச்சில் அடித்து வடித்ததா, கட்டியிலிருந்து கடைந்ததா என்று கேட்க வேண்டும். அடித்தால் உலோகத்தின் நார் ராடின் வடிவத்தோடு வளைந்து போகும். தென்னை மட்டையை நார்ப்போக்கிலே கிழிப்பதற்கும் குறுக்கே வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். கட்டியில் கடைந்தாலும் நல்ல எஃகாக இருந்தால் ஓடும். மேலே கீறல் மட்டும் இருக்கக்கூடாது. வோலரின் விரிசல் கீறலில்தான் ஆரம்பிக்கும். அதனால்தான் ரேஸ்காரர்கள் ராடை நீளவாக்கில் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறார்கள். கடைத்தெருவில் கம்பெனி அட்டைப்பெட்டிக்குள் வருகிற போலி ராடுகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டாம். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து என்ஜினையே இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

டைட்டானியம்? லேசு, பலசாலி. ஹோண்டா 1990ல் என்.எஸ்.எக்ஸ். காரில் போட்டுக் காட்டியது. விலையைக் கேட்டால் புல்லட்டையே இன்னொன்று வாங்கிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் சில நொடியில் ஓட்டத்தையே முடித்துவிடுகிற டிராக் ரேஸ் வண்டிகள் இன்னும் அலுமினிய ராடுதான் போடுகின்றன. சில ஓட்டங்கள் ஆனதும் கழற்றி வீசிவிடுவார்கள். பாக்கி கேட்பதற்கு முன் கணக்கையே முடித்துவிடுகிற சாமர்த்தியம்!

திருவொற்றியூர்ப் பரம்பரையும் வேகத்துக்கு வந்து சேர்ந்தது. 2018ல் வந்த 650 இரட்டை சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரே துண்டாக அடித்தது, ராடின் கீழ்முனை இரண்டாகப் பிரிந்து போல்ட்டில் மாட்டுவது. அப்படிப்பட்ட ராடில் இழுப்பு முழுக்க அந்த இரண்டு போல்ட்டின் மேல். ரேஸ் கட்டுகிறவர்கள் ராடைவிட போல்ட்டுக்குப் பயப்படுவார்கள். ஒருமுறை கழற்றினால் புதுசுதான். அதே வருஷம், அந்த என்ஜினை மாற்றியமைத்துக் கட்டிய வண்டியில் கேலா ரிவாஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண், கரில்லோ காலை இழந்த அதே பான்னவில் உப்புத்திடலில், மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டினார்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு? அறுபது எழுபதில் ஓட்டுகிறவராக இருந்தால் அலுமினிய ராடைத் தொடவேண்டாம். ஓட்டுக்கு ஓட்டு முறுக்குகிறவராக இருந்தால் எஃகு ராடும் ரோலர் பேரிங்கும் போடாமல் கேம் மாற்றாதீர்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. டைமிங் கவரைத் திறந்தால் உள்ளே, கிராங்க்குக்கு எண்ணெய் ஊட்டுகிற மூக்கைச் சுற்றி ஒரு சின்ன சீல் இருக்கும். அது நைந்துபோனாலோ, கோணலாக உட்கார்ந்தாலோ, எண்ணெய் கன்ராடுக்குப் போகாமல் பக்கத்தில் கசிந்து கீழே வழிந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. கவரைக் கழற்றும்போதெல்லாம் அந்த சீலைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.